திறந்தவெளிச் சிறை ஆய்வுக்குப் போறோம்: எதிலிருந்து ஆரம்பிக்கிறது, எதை விடாமப் பார்க்கிறது?

பவானிக்கரை

வணக்கமுங்க. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சார்பா மூணு பேர் அடுத்த மாசம் நம்ம பக்கத்து திறந்தவெளிச் சிறைக்கு ஆய்வுக்குப் போறோம். நான் குழுவில் வழக்கறிஞர். இன்னொருத்தர் ஓய்வு பெற்ற ஆசிரியை, மூணாவது ஆள் மருத்துவத்துறை.

மத்திய சிறைன்னா பார்க்க வேண்டியது ஓரளவு தெரியும். நெரிசல், விசாரணைக் கைதிகளோட ஜாமீன், நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போற வழிக்காவல். இங்கே அதெல்லாம் கிடையாது. எல்லாரும் தண்டனைக் கைதிகள், பகலெல்லாம் தோட்டத்து வேலை, உயர மதிலும் இல்லை. பார்க்கிறதுக்கு ஒரு விவசாயப் பண்ணை மாதிரி இருக்கும், அதனாலயே எதைச் சோதிக்கிறதுன்னு குழப்பமா இருக்கு. ஒரே நாள்தான் நேரம். எந்தப் பதிவேட்டைக் கேட்கணும்? தோட்டத்தில் என்ன பார்க்கணும்? சிறைவாசிகள் யாரும் குறை சொல்ல மாட்டாங்கன்னு முன்னமே சொல்றாங்க. அதுக்கு வழி உண்டா?

மனுநாள்

வணக்கம் வக்கீலம்மா. கடைசிக் கேள்வியிலிருந்தே வர்றேன், மத்ததெல்லாம் அதைச் சுத்தித்தான் இருக்கு.

மூடிய சிறையில் குறை சொன்னவனுக்கு இழக்க அதிகம் இருக்காது. திறந்தவெளிச் சிறைக்கு வந்தவர் பல வருஷம் நன்னடத்தையில் இருந்து, தேர்வுக் குழு பார்த்து, அனுப்பப்பட்டவர். இங்கே வானம் தெரியுது, வேலைக்குக் கூலி, கூடுதல் தண்டனைக் குறைப்பு. "திரும்ப மத்திய சிறைக்கே போறியா" என்கிற ஒத்தை வார்த்தை போதும், வாய் அடைச்சுப் போகும். அதனால "ஏதாவது குறை இருக்கா"ன்னு வரிசையில் நிக்க வெச்சுக் கேட்டா "நல்லா இருக்குங்க" என்கிற ஒரே பதில்தான் வரும். அந்தப் பதிலை அறிக்கையில் எழுதாதீங்க.

நீங்க முதல்ல கேட்க வேண்டியது, கடந்த ஒரு வருஷத்தில் இங்கிருந்து மூடிய சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவங்க பட்டியல். ஒவ்வொருத்தருக்கும் தேதி, காரணம், உத்தரவு போட்டவர், அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டாங்களா என்பது. பிறகு புகார்ப் பெட்டிப் பதிவேட்டையும் பார்வையாளர் குறிப்பேட்டையும் (ஆய்வுக்கு வர்றவங்க எழுதி வைக்கிற நோட்டு) பக்கத்தில் வெச்சுத் தேதி ஒத்துப் பாருங்க. புகார் வந்து பத்து நாளில் ஒருத்தர் "ஒழுங்கீனம்"னு போயிருந்தா, ஆய்வோட பாதி வேலை அங்கேயே கிடைச்சிருச்சு. முடிஞ்சா திறந்தவெளிச் சிறைக்குப் போறதுக்கு முந்தின நாள் மத்திய சிறைக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்ட ரெண்டு மூணு பேரைத் தனியாச் சந்திங்க. அவங்களுக்குப் பயம் குறைவு, விவரம் நிறைய.

அடுத்தது காலி இடம். அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு எவ்வளவு, இன்னைக்குக் காலைக் கணக்கெடுப்பில் எத்தனை பேர்? மத்திய சிறையில் தகுதியோட ஆள் காத்திருக்க, இங்கே கட்டில் காலியாக் கிடந்தா அது நிர்வாகக் குறை. தேர்வுக் குழு கடைசியா எப்பக் கூடுச்சு, எத்தனை பேரைப் பரிசீலிச்சாங்க, நிராகரிச்சதுக்குக் காரணம் எழுதியிருக்கா என்று கூட்டக் குறிப்பைக் கேளுங்க. "தகுதி இல்லை" என்கிற ரெண்டு சொல் காரணம் ஆகாது.

சட்டப் பின்னணி கையில் இருக்கட்டும். 1996ல் ராமமூர்த்தி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளோட ஒன்பது பிரச்சினைகளை வரிசைப்படுத்துச்சு. அதில் சிறைப் பார்வையாளர் முறையைச் சீர்படுத்துறதும் திறந்தவெளிச் சிறை நிர்வாகமும் தனித்தனியா இடம் பெற்றிருக்கு. ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) 83 முதல் 85 வரை ஆய்வு பற்றியவை: முன்னறிவிப்பு இல்லாமப் போகலாம், யாரிடம் பேசணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தனியாப் பேசலாம், அறிக்கைக்கு நிர்வாகம் நியாயமான காலத்தில் பதில் சொல்லணும். 57ஆம் விதி, புகார் சொன்னவருக்குப் பழிவாங்கல் கூடாது என்கிறது. நம்ம மாநிலத்தில் அன்றாட நிர்வாகம் தமிழ்நாடு சிறை விதிகள் 1983 படி நடக்குது. அதில் பார்வையாளர், கூலி, உணவு பற்றிய அத்தியாயங்களை நகல் எடுத்துக் கையில் வெச்சுக்குங்க.

பேசுறதுக்கு ஆள் தேர்வு செய்யற முறை: பெயர்ப் பட்டியலை வாங்கி ஏழாவது, பதினாலாவது, இருபத்தொண்ணாவதுன்னு எண்ணிக் குறிச்சுக்குங்க. அலுவலகம் அனுப்பி வைக்கிற ஆட்களையும் சந்திங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க, ஆனா அவங்களோட நிறுத்திக்காதீங்க. பேசற இடம் அறையா இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து வரப்பே நல்லது, காவலர் கண்ணுக்குத் தெரியற தூரத்திலும் காதுக்கு எட்டாத தூரத்திலும் நிக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஒதுக்குங்க. ஒருத்தரிடம் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினா, "அவன்தான் சொன்னான்"னு ஆயிரும்.

கேள்வியும் "குறை என்ன"ன்னு இருக்கக் கூடாது. "நேத்து எத்தனை மணிக்கு வேலைக்குப் போனீங்க, எப்ப வந்தீங்க? கடைசியா லீவு கேட்டு மனு எப்பக் கொடுத்தீங்க, என்ன ஆச்சு? போன மாசக் கூலி எவ்வளவு, எதில் பார்த்தீங்க? வீட்டிலிருந்து கடைசியா யார் மனு பார்க்க (நேரில் சந்திக்க) வந்தாங்க?" இப்படித் தேதியும் எண்ணும் வர்ற கேள்வியாக் கேளுங்க. பதிலைப் பதிவேட்டோட ஒப்பிட்டா, அவர் குறை சொல்லாமலே குறை தெரியும்.

தென்னந்தோப்பு

தோட்டத்து விஷயத்தை நான் சொல்றேனுங்க.

சிறைப் பண்ணையில் மூணு நோட்டு ஒண்ணுக்கொண்ணு பேசணும்: வேலைக்கு ஆள் பிரிக்கிற நோட்டு, கூலிப் பதிவேடு, விளைச்சல் பதிவேடு. இதோட வாசல் பதிவேட்டையும் சேர்த்துக்குங்க. ஏதாவது ஒரு தேதியை நீங்களே சொல்லி நாலையும் அந்தத் தேதிக்குத் திறக்கச் சொல்லுங்க. லீவில் ஊருக்குப் போனவர் பேரில் அன்னைக்குத் தண்ணி கட்டினதாக் கூலி ஏறியிருக்கும். இல்லைன்னா மருத்துவமனைக்குப் போனவர் கட்டுத்தறியில் சாணி அள்ளினதா இருக்கும். தப்பு வேணும்னே நடந்ததா, அசட்டையா என்பது பிறகு. ஒத்து வரலைன்னு குறிச்சுக்குங்க.

பால் கணக்கு இருக்கே, அதைக் கவனிச்சுப் பாருங்க. மாடு கன்னு போட்ட முதல் ரெண்டு மாசம் பால் ஏறும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், சுமார் பத்து மாசத்தில் வத்தும். காலைக்கும் சாயங்காலத்துக்கும் வித்தியாசம் இருக்கும். தீவனம் மாறினாலும் வெயில் ஏறினாலும் அளவு ஆடும். நோட்டில் முப்பது நாளும் ஒரே லிட்டர், ஒரே பேனா, ஒரே சாய்வில் எழுத்து இருந்தா அது கறந்து எழுதினதில்லை, மாசக் கடைசியில் உக்காந்து எழுதினது. எத்தனை மாடு கறவையில், எத்தனை சினையில், எத்தனை வத்தினதுன்னு கட்டுத்தறியில் நின்னு எண்ணுங்க. பிறகு சமையலுக்குப் போன பால், வெளியே வித்த பால், கன்னுக்கு விட்டது மூணையும் கூட்டிப் பாருங்க.

தென்னைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. நம்ம பக்கம் 45 நாளைக்கு ஒரு வெட்டு, வருஷத்துக்கு எட்டு வெட்டு. நல்லாப் பராமரிச்ச நெட்டை மரம் வருஷம் 80 முதல் 100 காய் தரும். அப்படின்னா 100 மரத்துக்கு ஒரு வெட்டுக்கு ஆயிரம் காய்க்கு மேல வரணும். வெள்ளை ஈயும் வறட்சியும் இருந்தா கண்டிப்பாக் குறையும். அதனால காய் குறைவு என்பதை வெச்சே யாரையும் சந்தேகப்படாதீங்க. ஆனா ஏலம் விட்டாங்களா, எத்தனை பேர் கேட்டாங்க, எடை போட்டது யார், பணம் எந்தத் தேதியில் அரசுக் கணக்கில் ஏறுச்சு என்கிற நாலு கேள்விக்கும் காகிதம் இருக்கணும்.

இப்ப ஆள் பாதுகாப்பு. இதைத்தான் ஆய்வுக்கு வர்றவங்க அடிக்கடி விட்டுடறாங்க. தீவனம் வெட்டற மெசின் கிட்டப் போய் நில்லுங்க. சோளத்தட்டு நுழையற வாயில் காப்புத் தகடு இருக்கா? நிறைய இடத்தில் சுலபமா இருக்கும்னு அதைக் கழட்டிப் போட்டிருப்பாங்க. உருளை சோளத்தட்டை இழுக்கிற வேகத்தில் கையையும் இழுத்துரும், விரல் போறது நொடி நேரம். பெல்ட்டுக்கு மூடி இருக்கா, நிறுத்தற சுவிட்ச் வேலை செய்யறவர் கைக்கு எட்டுதா? மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி திறந்து கிடக்கா, ஃபியூசுக்குப் பதிலா தடிச்ச கம்பி சுத்தியிருக்காங்களா, எர்த் கம்பி மண்ணுக்குள்ள போகுதா இல்லை வெளியே அறுந்து தொங்குதா? கெணத்துக்குக் கட்டுச்சுவர் உண்டா? மரம் ஏறறவருக்குப் பாதுகாப்புக் கயிறோ ஏறும் கருவியோ உண்டா, விழுந்தா இழப்பீடு எந்த விதியில்? மண்டேலா விதி 101, வெளியே தொழிலாளிக்கு இருக்கிற பாதுகாப்பும் விபத்து இழப்பீடும் சிறைவாசிக்கும் வேணும்னு சொல்லுது. 102 வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கேட்குது. மாட்டுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது என்பது உண்மை. அதுக்காக ஒரே ஆளை ஏழு நாளும் கட்டுத்தறியில் விடக் கூடாது, சுழற்சி வேணும்.

மருந்து அடிக்கிற விஷயத்தில் கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. டப்பாவில் இருக்கிற முக்கோண நிறத்தைப் பாருங்க. சிவப்புதான் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு முக்கோணம் இருந்தா எதுக்கு வாங்கினாங்க, எவ்வளவு மிச்சம் என்று கேட்டே ஆகணும். பூட்டு இல்லாத கிடங்கு மனசொடிஞ்சு இருக்கிற ஆளுக்கு எமன். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இருக்கா என்பதோட, அது புதுசா மடிச்ச மேனிக்கு இருக்கா, உபயோகிச்ச கறையோட இருக்கான்னும் பாருங்க. ஆய்வுக்காக வாங்கினது மடிப்புக் கலையாம இருக்கும். காலி டப்பாவில் குடிதண்ணி வெச்சிருந்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க.

வெள்ளைச்சட்டை

உங்க குழுவில் மருத்துவத்துறை ஆள் இருக்கிறது நல்லது. அவருக்கு மூணு சாமான்: குளோரின் சோதிக்கிற சின்ன கிட், தண்ணியில் கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர், சமையல் எடை போட ஒரு தராசு.

தண்ணீரைத் தொட்டியில் எடுத்துச் சோதிக்காம, கடைசிக் குழாயில் எடுங்க. அங்கே மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். இல்லைன்னா கிடங்கில் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் போய்ப் பாருங்க. வாய் திறந்து ஈரக்காத்து பட்டுக் கட்டி கட்டியா இருந்தா வீரியம் போயிருக்கும், அளவு சரியாப் போட்டாலும் பலன் இருக்காது. ஆழ்துளைக் கிணத்துத் தண்ணீர்னா உப்பு அதிகம் இருக்கும். டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கிறது நல்லது, வேற ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரைக்கும் அனுமதி. ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகவே கூடாது, அதுக்கு ஆய்வக அறிக்கை கேளுங்க. தேதி பழசா இருந்தா மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லிக் குறிப்பு எழுதுங்க. அளவுக்கு, நகர்ப்புறத் திட்டங்களில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் கணக்கு. 60 பேர்னா 8,100 லிட்டர். மாட்டுக்கும் பயிருக்கும் போறது இதில் சேராது. அதே தொட்டியிலிருந்துதான் கட்டுத்தறிக்கும் போகுதுன்னா மனுஷனுக்கு மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க.

சாப்பாட்டை ருசி பார்த்துட்டு வந்துடாதீங்க. காலையில் கிடங்கிலிருந்து எடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய் எழுதியிருப்பாங்க. அதைத் தலை எண்ணிக்கையால வகுத்து, விதிப்படி உள்ள அளவுப் பட்டியலோட ஒப்பிடுங்க. 30 கிலோ அரிசி போட்டதா இருந்தா வெந்த சோறு 75 கிலோவாவது இருக்கணும், அரிசியைப் பொறுத்து 90 கூட வரும். அண்டாவை எடை போட முடியாதுன்னா, பரிமாறின தட்டு அஞ்சை எடுத்து எடை போட்டு சராசரி எடுங்க. மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கும் அலுவலகத்தில் எழுதற ஆளுக்கும் ஒரே அளவா, கடின வேலைக்குத் தனி அளவு உண்டான்னும் கேளுங்க. சாம்பாரில் பருப்பு குறைஞ்சா கரண்டியை அடியோட கலக்கி எடுத்தாலும் தண்ணிதான் வரும். அதைப் படம் பிடிக்கிறதை விட எடையை எழுதறதே சாட்சியா நிக்கும்.

சமையல், கழிப்பறை சுத்தம் ரெண்டுக்கும் ஆள் போட்ட பட்டியலைத் தனியா வாங்குங்க. 2024 அக்டோபர் 3ல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறையில் சாதி பார்த்து வேலை கொடுக்கிறது அரசியலமைப்புக்கு விரோதம்னு சொல்லி, பதிவேட்டில் இருக்கிற சாதிக் கட்டத்தையும் எடுக்கச் சொல்லியிருக்கு. இதைச் சோதிக்கிற பொறுப்பைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் பார்வையாளர் குழுவுக்கும் கூட்டாவே கொடுத்திருக்கு. ஆறு மாசப் பட்டியலில் கழிப்பறைக்கு அதே நாலு பேர், சமையலுக்கு அதே நாலு பேர்னு இருந்தா ஏன்னு கேளுங்க. பாதுகாப்புக் கருவி இல்லாம செப்டிக் டேங்கில் ஆளை இறக்கறது 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், சிறைக்குள்ளயும் அப்படித்தான்.

பாம்புக்கடி இங்கே பெரிய விஷயமுங்க. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் தோட்ட வேலையில் கடிக்கும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருக்கிற ஆளைக் கடிக்கும். கடிச்ச இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாது, விடியறதுக்குள்ள கண் இமை தொங்கி மூச்சு நிக்கும். அதனால கட்டிலும் ஓரம் செருகின கொசுவலையும் இங்கே சொகுசு இல்லை, உயிர்க்காப்பு. படுக்கிற கொட்டகைக்கும் தீவனப் போருக்கும் எவ்வளவு தூரம்னு நடந்து பாருங்க. போர் இருக்கிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் பாம்பு. மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்தா ராத்திரியில்தான் தண்ணி கட்டுவாங்க, அவங்களுக்கு டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் உண்டா? விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது, ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி யார் ஓட்டறது, வழிக்காவலுக்கு ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் உத்தரவு கேளுங்க.

பவானிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். லீவு மனு, குடும்பச் சந்திப்பு பத்தி என்ன பார்க்கலாம்? அப்புறம், தனியாப் பேச விடலைன்னா என்ன பண்றது? அறிக்கையில் பேர் போடலாமா?

மனுநாள்

லீவு மனுவுக்குத் தேதி அஞ்சு இருக்கும்: கொடுத்த நாள், சிறையிலிருந்து அனுப்பின நாள், நன்னடத்தை அலுவலர் அறிக்கை வந்த நாள், காவல்துறை அறிக்கை வந்த நாள், உத்தரவு நாள். கடைசி இருபது மனுவுக்கு அஞ்சையும் ஒரு தாளில் எழுதினா எந்த மேசையில் தூங்குதுன்னு தெரிஞ்சிரும். அதே மாதிரி தண்டனைக் குறைப்பு அட்டையில் கடைசியா எப்ப நாள் ஏத்தினாங்கன்னு பாருங்க. ஏத்தாம விட்ட நாள் விடுதலையைத் தள்ளிப் போடும்.

மனு பார்க்கிற நாள் எதுன்னு கேளுங்க. நம்ம பக்கம் குடும்பத்தாள் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போறவங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கினாத்தான் பஸ்ஸுக்குக் காசு. வார நாளில் மட்டும் மனு வெச்சா ஒரு நாள் கூலி போச்சு. தாளவாடி மாதிரி மலையிலிருந்து வர்றவங்களுக்கு முதல் பஸ் பிடிச்சாலும் மதியம் ஆயிரும், நேரம் முடிஞ்சதுன்னு திருப்பி விட்டிருக்காங்களான்னு வாசல் பதிவேட்டில் பாருங்க. ராஜஸ்தான் சாங்கானேர் திறந்தவெளி முகாமில் குடும்பத்தோடவே தங்கி, வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாங்க, 1963லிருந்து நடக்குது. நம்மது பண்ணைக்குள்ளயே வேலை செய்யற முறை. அந்த வித்தியாசம் தெரிஞ்சாத்தான் பரிந்துரை எழுதும்போது எதைக் கேட்கலாம்னு பிடிபடும்.

நிலத்தையும் ஒரு பார்வை பாருங்க. கோவையைச் சுத்தி நிலத்து விலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். திறந்தவெளிச் சிறைகளோட பரப்பைக் குறைக்க முயற்சி செய்யக் கூடாதுன்னு 2024 மே மாசம் சுஹாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. புலப்படம் (நிலத்தோட அளவும் எல்லையும் காட்டற வரைபடம்) ஒண்ணு வாங்கிட்டுப் போய் எல்லைக்கல் இருக்கான்னு நாலு மூலையும் நடங்க.

தனியாப் பேச விடலைன்னா வாக்குவாதம் வேண்டாம். யார் மறுத்தாங்க, எத்தனை மணிக்கு, என்ன காரணம் சொன்னாங்க என்று பார்வையாளர் குறிப்பேட்டில் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பெரும்பாலும் பேனாவை எடுத்ததும் வழி கிடைச்சிரும். குறிப்பேட்டில் சிறைவாசி பேர் எழுதவே கூடாது, அது எல்லார் கண்ணிலும் படும். எண்ணும் அளவும் மட்டும் அதில்: "கடைசிக் குழாயில் குளோரின் இல்லை, காலை 10.40", "தீவன மெசினில் காப்புத் தகடு இல்லை." யார் என்ன சொன்னாங்க என்பது மூடின உறையில் மாவட்ட நீதிபதிக்கு.

கடைசியா ஒண்ணு, வக்கீலம்மா. கிளம்பறதுக்கு முன்னாடி அன்னைக்குப் பெயர்ப் பட்டியலை நகல் வாங்கிக்குங்க. சரியா பதினஞ்சாம் நாள் சொல்லாமத் திரும்பப் போங்க, முழு ஆய்வு வேண்டாம், அரை மணி நேரம் போதும். நீங்க பேசின ஆட்கள் பேரோட, பேசாத அஞ்சாறு பேர் பேரையும் கலந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எல்லாரையும் நேரில் பார்க்கணும்னு சொல்லுங்க. ஒருத்தர் இல்லைன்னாலும் இட மாற்ற உத்தரவை வாங்கித் தேதியைப் பார்த்துட்டுத்தான் வாசலைத் தாண்டணும்.